அந்த டிரங்குப் பெட்டியை எடைக்குப் போட்டுடாதீங்க

முன்னாள் ராணுவக்காரங்க, நேவிக்காரங்க, ஏர்ஃபோர்ஸ்காரங்க வீட்டுல பொறந்த பிள்ளைங்களுக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் வணக்கம். நான் வேலூர் பக்கம். ராணுவ சர்ஜன் ஒருத்தரோட பேத்தி, நேவி ஆபீசர் ஒருத்தரோட பொண்ணு.

விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். உங்க வீட்டுப் பரண்லயோ கட்டிலுக்கு அடியிலயோ பெயிண்ட் உரிஞ்சுபோன ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும், மூடியில வெள்ளை எழுத்துல நம்பரும் ரேங்கும் பேரும் எழுதியிருக்கும். அதை எடைக்குப் போட்டுடாதீங்க. போட்டே ஆகணும்னாலும் அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பிரிச்சுப் பாருங்க.

எங்க வீட்டுல போட்டுட்டாங்க. அப்பா போன வருஷம் தவறிட்டார், காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டை வாடகைக்கு விடலாம்னு பேசி ஒழிச்சுட்டு இருந்தப்போ நான் ஊருக்கு வந்து சேர ரெண்டு நாள் லேட்டாயிடுச்சு, வந்து பார்த்தா மூணு பெட்டியில பச்சைப் பெட்டி மட்டும் இல்ல. அதுலதான் தாத்தாவோட கொரியா லெட்டரும் அப்பாவோட 71 டைரியும் இருந்துச்சு. யாரையும் குத்தம் சொல்லி இதை எழுதல, அழுது அழுது எல்லாருமே ஓஞ்சு போயிருந்தாங்க, பழைய பேப்பர்னு நினைச்சுட்டாங்க. நான் போட்ட செருப்போட ஓடினேன். பேப்பர் லோடு காலையிலயே போயிடுச்சுன்னு சொன்ன அந்த இரும்புக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துட்டு தானும் கூட சேர்ந்து மூட்டை மூட்டையா கொட்டித் தேடினார், கடைசியில தராசுக்குப் பின்னாடி இருந்து அட்டை போன தாத்தாவோட நோட்டு ஒண்ணும் ஒரு போட்டோவும் கிடைச்சுது. நோட்டுல இப்போ மிச்சம் பதினொரு தாள்.

அந்த பதினொரு தாளை வச்சுக்கிட்டுதான் இதை எழுதுறேன்.

தாத்தா 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ்ல இருந்தார். இந்தப் பேரே நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. 1950ல கொரியப் போர் ஆரம்பிச்சப்போ நேரு, சண்டை போட ஆள் அனுப்ப மாட்டோம், வைத்தியம் பார்க்க ஒரு யூனிட் அனுப்புறோம்னு முடிவு பண்ணி அனுப்பினது இதைத்தான். நவம்பர்ல பூசன் துறைமுகத்துல போய் இறங்கினாங்க, மொத்தமே முன்னூத்தி சொச்சம் பேர். அதுக்குத் தலைமை லெப்டினென்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ், நம்ம தமிழர், இந்திய ராணுவத்துல முதன்முதலா பாராசூட் கட்டிக் குதிச்சவங்கள்ல ஒருத்தர், பின்னாடி மகாவீர் சக்ரா வாங்கினவர்.

போய் இறங்கின கொஞ்ச நாள்லயே சீனப் படை உள்ள வந்துடுச்சு. பியோங்யாங்ல இருந்து எல்லாரும் பின்வாங்குறாங்க, இவங்களுக்கு வண்டி இல்ல, சாமானையெல்லாம் விட்டுட்டுக் கிளம்புங்கன்னு உத்தரவு. மருந்தும் ஆபரேஷன் சாமானும் இல்லாம வெறுங்கையோட போய் டாக்டர்ங்க என்ன பண்றது? ஸ்டேஷன்ல நாதியத்து நின்ன ஒரு பழைய ஸ்டீம் எஞ்சினைக் கண்டுபிடிச்சு, வரிசையா நின்னு பக்கெட் பக்கெட்டா தண்ணியைக் கைமாத்தி பாய்லரை ரொப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச ஆள் யூனிட்டுக்குள்ளயே இருந்ததால ஆஸ்பத்திரியையே அதுல ஏத்திக்கிட்டு, பாலத்தை வெடி வச்சுத் தகர்க்குறதுக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டிட்டாங்க. தாத்தா இந்தக் கதையைச் சொல்றப்போ வீரதீரமா எதுவும் சொல்ல மாட்டார், "பக்கெட்டு கைப்பிடி உள்ளங்கையில ஒட்டிக்கும்மா, பிச்சு எடுத்தா தோலோட வரும்"னு மட்டும் சொல்லுவார், அந்தக் குளிர் அப்படி.

1951 மார்ச் 23ல முன்சான்-னிங்குற இடத்துல அமெரிக்கப் பாராசூட் படையோட இந்த யூனிட்ல இருந்து பன்னெண்டு பேர் குதிச்சாங்க, ரங்கராஜும் அதுல ஒருத்தர். எங்க தாத்தா குதிக்கல. யூனிட்டை ரெண்டாப் பிரிச்சப்போ அவரைத் தேகுங்குற ஊர்ல ஆஸ்பத்திரி நடத்துற பாதியில போட்டுட்டாங்க, அங்க வந்தவங்க பாதிக்கு மேல கொரியாக்காரங்கதான், அதுலயும் ஊரை விட்டு ஓடிவந்த சனங்க நிறைய. மூணு வருஷத்துக்கு மேல அந்த யூனிட் கொரியாவுல இருந்துச்சு, ஏறக்குறைய 2 லட்சம் பேருக்கு வைத்தியம், 2,300 ஆபரேஷன் வரைக்கும்னு கணக்கு சொல்றாங்க. இவ்வளவு பெரிய எண்ணைப் படிச்சா மனசுல எதுவும் நிக்காது, எனக்கும் நிக்கல. நோட்டுல ஒரு வரி இருக்கு, அதுதான் நிக்குது. "பையன், வயசு 7 இருக்கும், இடது கால், ஆறாம் நாள் தைத்தேன். கஞ்சி கேட்டான்." அப்போ எங்கப்பாவுக்கும் ஏழு வயசு.

ஆறாம் நாள் தைத்தேன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா போர் சர்ஜரியோட உசுரே அதுலதான் இருக்கு. குண்டு பட்ட காயத்துல மண்ணு, துணி, செத்த சதை எல்லாம் உள்ள இருக்கும், வந்தவுடனே அழகா தைச்சு மூடிட்டா உள்ளயே அழுகி காலையே எடுக்க வேண்டி வரும், உயிரும் போகலாம். அதனால செத்த சதையை மட்டும் வெட்டி எடுத்துட்டு, கழுவி, காஸ் துணி வச்சு, திறந்தே விட்டுடுவாங்க. நாலஞ்சு நாள் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்து சுத்தமா இருந்தாதான் தையல். ரெண்டு உலகப்போர்ல எத்தனையோ பேர் செத்துக் கத்துக்கிட்ட பாடம் அது.

அது எனக்கு எப்படித் தெரியும்னா என் முழங்கால்ல இருக்கு. பத்து வயசுல கிணத்தடியில விழுந்து துருப்பிடிச்ச தகரம் கிழிச்சிடுச்சு, அம்மா பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்த் தையல் போடணும்னு நிக்க, எழுபது வயசுத் தாத்தா திண்ணையில என்னை உட்கார வச்சு, கொதிக்க வச்சு ஆறின தண்ணியை மேல இருந்து மெல்லிசா ஊத்திக்கிட்டே இருந்தார், அரைமணி நேரம் இருக்கும், ஒரு வார்த்தை பேசல. டெட்டனஸ் ஊசிக்கு மட்டும் அனுப்பிட்டு, மூடல. நாலு நாள் கழிச்சு அவரே ரெண்டு தையல் போட்டார், கை கொஞ்சம் கூட நடுங்கல. அந்தத் தழும்பு இப்போ ஒரு அரிசி நீளம்தான்.

நோட்டுல இன்னொரு பக்கம் முழுக்க பென்சில் படம், ரத்தக்குழாயோட ரெண்டு அறுந்த முனையை எப்படி ஒண்ணா சேர்த்துத் தைக்கிறதுன்னு. ரெண்டாம் உலகப்போர்ல காலோட பெரிய ரத்தக்குழாய் அறுந்தா கட்டிதான் விடுவாங்க, அப்படிக் கட்டினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கை காலை எடுக்க வேண்டி வந்துச்சு, கொரியாவுல அமெரிக்க சர்ஜன்கள் தைக்க ஆரம்பிச்சதும் அது 13 சதவீதத்துக்கு இறங்கிடுச்சு. தாத்தா எங்கயோ போய்ப் பக்கத்துல நின்னு பார்த்துட்டு வந்து வரைஞ்சிருக்கார்னு நினைக்கிறேன், ஓரத்துல "பட்டு நூல், மிக மெல்லியது, கேட்கணும்"னு எழுதியிருக்கு. யார்கிட்ட கேட்டார், கிடைச்சுதா, அவரே தைச்சாரா? அடுத்த தாள் இல்ல.

அந்த அடுத்த தாளுக்காகத்தான் இவ்வளவு பெரிய மடல்.

இப்போ அப்பா கதைக்கு வர்றேன். கொரியாவுல சண்டை நின்னதும், சொந்த நாட்டுக்குப் போக மாட்டேன்னு சொன்ன கைதிகளைப் பார்த்துக்குற பொறுப்பு இந்தியாவுக்கு வந்துச்சு, ஜெனரல் திம்மையா அந்தக் கமிஷனுக்குத் தலைவர். வடக்கும் வேணாம் தெற்கும் வேணாம், சீனாவும் வேணாம் தைவானும் வேணாம்னு நின்ன 88 பேரை இந்தியாவே கூட்டிட்டு வந்துச்சு, 1954 பிப்ரவரியில அவங்க வந்து இறங்கினது நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல. தாத்தா அதுக்கு முன்னாடியே திரும்பிட்டார், அன்னைக்கு அப்பாவைக் கையைப் பிடிச்சு ஹார்பருக்குக் கூட்டிட்டுப் போனாராம். பத்து வயசுப் பையன், வாழ்க்கையில முதல் தடவையா அவ்வளவு பெரிய கப்பலைப் பார்க்குறான். தாத்தா இறங்கி வர்ற மனுஷங்களைப் பார்த்துட்டு நின்னாராம், அப்பா கப்பலை மட்டுமே பார்த்துட்டு நின்னாராம். இதை அப்பாவே சொல்லியிருக்கார்.

பையன் டாக்டர் ஆவான்னு தாத்தாவுக்கு ஆசை, அதை மறைச்சதும் இல்ல. அப்பா முப்படை ஆபீசர் பயிற்சி குடுக்குற கடக்வாஸ்லா அகாடமிக்கு எழுதிப் பாஸ் பண்ணிட்டார். ரெண்டு வருஷம் சரியா பேசிக்கலன்னு பாட்டி சொல்லுவாங்க. தாத்தா கோபக்காரர் இல்ல, சண்டை அடிச்சுப் போட்டதை மூணு வருஷமா தைச்சுட்டு வந்தவர், சொந்தப் பிள்ளை பீரங்கிப் பக்கம் போறதை அவரால ஏத்துக்க முடியல, அவ்வளவுதான்.

1971 டிசம்பர்ல பாகிஸ்தானோட போர் வந்தப்போ அப்பா லெப்டினென்ட், கிழக்குக் கப்பல் படையில, விக்ராந்துங்குற விமானம் தாங்கிக் கப்பலுக்குத் துணையா போன கப்பல்கள்ல ஒண்ணுல. விக்ராந்தோட நாலு பாய்லர்ல ஒண்ணு விரிசல் விட்டிருந்துச்சு, முழு வேகத்துல ஓட முடியாது, வேகம் இல்லன்னா டெக்ல எதிர்க்காத்து பத்தாது, காத்து பத்தலன்னா விமானம் ஏத்துறது கஷ்டம். அப்படி ஒரு நிலைமையில அந்தமான் பக்கம் ஒளிஞ்சிருந்துட்டு வந்துதான் டிசம்பர் 4ம் தேதி, அப்போ கிழக்குப் பாகிஸ்தானா இருந்த வங்கதேசத்துல இருக்குற காக்ஸ் பஜார் மேல சீ ஹாக் விமானங்களை அனுப்பினாங்க. "காத்துக்கு இவ்வளவு மரியாதை குடுத்து நான் எப்பவும் நின்னதில்ல"ன்னு அப்பா சொல்லுவார். பாகிஸ்தானோட காஸி சப்மரின் விசாகப்பட்டினம் வாசல்லயே மூழ்கிப்போனதையும் அவங்க கடல்ல இருந்துதான் கேள்விப்பட்டாங்க.

வெளியில சொல்றதுக்கு அப்பாகிட்ட இவ்வளவுதான் கதை. உள்ள இருந்தது வேற. டிசம்பர் 9ம் தேதி ராத்திரி அந்தப் பக்கம் அரபிக்கடல்ல, டையூவுக்கு அப்பால, நம்ம போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி பாகிஸ்தான் சப்மரின் விட்ட டார்பிடோ பட்டு சில நிமிஷத்துல மூழ்கிடுச்சு. 18 ஆபீசர், 176 மாலுமி போயிட்டாங்க. கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு வரவே இல்ல. அந்தப் பதினெட்டுல ஒருத்தர் அப்பாவோட கோர்ஸ்மேட், அகாடமியில பக்கத்துக் கட்டில். ஒவ்வொரு டிசம்பர் 9ம் சாயங்காலம் அப்பா ஷேவ் பண்ணி வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வராண்டாவுல வந்து உட்காருவார், ஒன்பது மணிக்கு எழுந்து உள்ள வந்து சாப்பாடு கேப்பார். சின்ன வயசுல எனக்கு அது ஏதோ விரதம்னு நினைப்பு.

போர் முடிஞ்சு லீவுல வந்த அப்பா குக்ரி பத்தி சொன்னப்போ தாத்தா கேட்ட ஒரே கேள்வி, "பிழைச்சவங்க தண்ணியில எவ்வளவு நேரம் இருந்தாங்க?" அப்பாவுக்கு சுருக்குனு குத்திடுச்சாம். சிநேகிதன் செத்துட்டான்னு சொல்றேன், இவர் கேஸ் ஷீட் கேக்குற மாதிரி கேக்குறாரேன்னு. மறுநாள்தான் மீட்டாங்கன்னு பதில் சொல்லிட்டு எழுந்து போயிட்டார். ராத்திரி பாட்டி பார்த்தப்போ தாத்தா லைட் போடாம உட்கார்ந்து, ஒரு ராத்திரி கடல்ல கிடந்தவனை முதல்ல எப்படிச் சூடாக்கணும், எதைக் குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாதுன்னு தனக்குத்தானே முணுமுணுத்துட்டு இருந்தாராம். பாட்டி அப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வந்து கதவுக்குப் பின்னாடி நிக்க வச்சுக் கேக்க வச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசினாங்கன்னா, முடிச்சுல. நிஜமாத்தான். தாத்தாவுக்கு ஓய்வா உட்கார்ந்தா கை சும்மா இருக்காது, நாற்காலிக் கால்ல நூலைச் சுத்தி ஒரே கையால சர்ஜன் முடிச்சு போட்டுக்கிட்டே இருப்பார், அப்பா தாம்புக்கயிறை எடுத்துட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்து போலைன்ங்குற கப்பல்காரங்க முடிச்சு போடுவார். கப்பல்ல ரீஃப் முடிச்சுன்னு சொல்றதும் ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்கொயர் முடிச்சுன்னு சொல்றதும் ஒண்ணுதான், ரெண்டாவது மடக்கை மாத்திப் போட்டா வழுக்கிக்கிட்டு வந்துடும். நான் தப்பாப் போட்டா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "அவுரு அவுரு"ன்னு சொல்லுவாங்க.

இது எதுவுமே எந்த அரசாங்கக் கோப்புலயும் இருக்காது. 2021ல பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, போர் டைரி, ஆபரேஷன் ரெக்கார்டு எல்லாம் வரலாற்றுப் பிரிவுக்குக் குடுக்கணும், பொதுவா 25 வருஷத்துல ரகசியம் நீக்கணும்னு. நல்ல விஷயம், அந்த வேலை தங்கு தடையில்லாம நடக்கணும்னு நான் மனசார வேண்டிக்குறேன். ஆனா அதுல யூனிட் எங்க போச்சு, கப்பல் எந்தத் திசையில திரும்புச்சுங்குறது வரும். கஞ்சி கேட்ட பையன் வரமாட்டான். அவன் இருக்குறது உங்க வீட்டுப் பரண்லதான்.

நம்ம பக்கம் இந்த மாதிரிப் பெட்டி கொஞ்சம் நஞ்சம் இல்ல. எங்க மாவட்டத்துல கம்மவான்பேட்டைனு ஒரு ஊர், வீட்டுக்கு வீடு ராணுவத்துல இருக்குறதால ராணுவப்பேட்டைன்னே பேரு. ஆபீசர் வீடு மட்டும் இல்ல, ஸ்ட்ரெச்சர் தூக்கினவர், தியேட்டர்ல விளக்குப் பிடிச்சவர், கப்பல் அடிவயித்துல பாய்லர் பார்த்தவர், சமையல்காரர், அவங்க வீட்டுப் பெட்டிதான் இன்னும் முக்கியம்னு எனக்குத் தோணுது, ஏன்னா அவங்களைப் பத்தி யாரும் புத்தகம் எழுதலை.

அதனால கெஞ்சிக் கேக்குறேன். பெட்டியைத் திறந்தா முதல்ல மெடலைத் தேடுங்க, விளிம்பைச் சுத்தி நம்பர், ரேங்க், பேர் பொறிச்சிருக்கும், தயவு செஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சிடும். நீலமும் வெள்ளையுமா கோடு கோடா ரிப்பன் இருந்தா அது ஐநாவோட கொரியா மெடலா இருக்கலாம், விதேஷ் சேவா மெடல்ல கொரியான்னு பட்டை இருந்தா சந்தேகமே வேணாம். பூர்வி ஸ்டார் இருந்தா 71ல கிழக்குப் பக்கம், பஸ்சிமி ஸ்டார்னா மேற்கு. போட்டோவை லேமினேட் பண்ணாதீங்க, செல்லோ டேப் ஒட்டாதீங்க, ஜன்னல் வெளிச்சத்துல வச்சு போன்ல படம் எடுத்தாலே போதும், பின்னாடி யார் யார்னு பென்சில்ல மெல்லமா எழுதுங்க. சர்வீஸ் விவரம் வேணும்னா மாலுமிகளுக்கு மும்பை மான்குர்துல பீரோ ஆஃப் செய்லர்ஸ் இருக்கு, ராணுவ மருத்துவப் பிரிவு ஜவான்களுக்கு லக்னோவுல ரெக்கார்ட்ஸ் ஆபீஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன். அந்த நம்பர் இருந்தாதான் தேட முடியும், அதைத்தான் பெட்டி மூடியில பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க.

உயிரோட இருக்குறவங்க இருந்தா இன்னும் அவசரம். 71ல இருபது வயசுன்னா இப்போ எழுபதைத் தாண்டியாச்சு. போனை ரெக்கார்டுல போட்டுட்டு "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா"ன்னு ஆரம்பிக்காதீங்க, வாயை மூடிப்பாங்க. என்ன சாப்பிட்டீங்க, எங்க படுத்தீங்க, குளிருக்கு என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. அப்பாகிட்ட நான் காத்து பத்திக் கேட்டப்போதான் பேசினார். இன்னும் கேட்டிருக்கணும், அப்புறம் கேக்கலாம், பொங்கலுக்குப் போறப்போ கேக்கலாம்னு தள்ளித் தள்ளியே போயிடுச்சு.

கடைசியா ஒரு உதவி. அந்த இரும்புக்கடையில கிடைச்ச போட்டோவுல நாலு பேர் ஒரு கூடாரத்துக்கு முன்னாடி நிக்குறாங்க, தரையில பனி. பின்னாடி தாத்தா கையெழுத்துல "தேகு, 1952 ஜனவரி"ன்னு மட்டும் இருக்கு, பேர் இல்ல. இடது ஓரத்துல தாத்தா. நடுவுல ரெண்டு பேர் தொப்பி மறைச்சு முகம் சரியாத் தெரியல. வலது ஓரத்துல நிக்குறவர் சின்னப் பையன், இருபது இருபத்திரெண்டு இருக்கும், கையில ஒரு பெரிய கெட்டில், ஆவி வருது, நெத்தியில திருநீறு மாதிரி மூணு கோடு. நம்ம ஊர்ப் பக்கத்துப் பையனாத்தான் இருக்கணும். உங்க வீட்டுல யாராவது கொரியாவுக்குப் போய் வந்திருந்தா, இருபது வயசு போட்டோ ஒண்ணு இருந்தா, எடுத்துப் பாருங்க. அவரோட பேரைப் பின்னாடி எழுதி வைக்கணும்.